ஸ்கோப் வழியாகப் படம் எடுக்க எந்த லென்ஸ்? கண்மாய்க்கரையில் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த கேள்விகள்

மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாய்க் கரையில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை நிறுத்திப் பத்து நிமிடம் ஆனால் போதும், யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஆடு மேய்க்க வருகிறவர்கள் "என்ன, இடம் அளக்குறீங்களா?" என்பார்கள். கேமராவோடு வருகிறவர்கள் கேட்பது வேறு: "இதுல கேமராவ மாட்டலாமா, எந்த லென்ஸ் போடணும்?" ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதிவிட்டேன். எனக்கு லென்ஸ் வியாபாரம் எதுவும் கிடையாது. தப்பான லென்ஸ் வாங்கிக் காசை விட்டவன், அவ்வளவுதான்.

அண்ணே, ஸ்கோப்புங்கிறது டெலஸ்கோப்தானா? இதுல படம் எடுக்கிறதுக்கு ஏதோ பேர் சொன்னீங்களே?

ஏறக்குறைய டெலஸ்கோப்தான். தலைகீழாகக் காட்டாமல் நிமிர்த்திக் காட்டும், மழைத் தூறலைத் தாங்கும், தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கலாம். முன்கண்ணாடி பெரும்பாலும் 60 மி.மீ. முதல் 85 மி.மீ. வரை இருக்கும். கண் வைக்கும் பக்கத்தில் இருக்கும் ஐபீஸ் 20 முதல் 60 மடங்கு வரை திருகிக் கூட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். கண் வைக்கிற இடத்தில் கேமராவை வைத்துப் படம் எடுத்தால் அதற்குப் பெயர் டிஜிஸ்கோப்பிங்.

1999இல் மலேசியாவின் லாரன்ஸ் போ தன் லைகா ஸ்கோப்பின் ஐபீஸில் ஒரு நிகான் கூல்பிக்ஸ் 950 கேமராவை வைத்து எடுத்துப் பார்த்தார். அதிலிருந்துதான் இது உலகம் முழுக்கப் பரவியது. பெயரை வைத்தவர் அலேன் ஃபோசே என்ற பிரெஞ்சுப் பறவை ஆர்வலர். அந்தக் கேமராவின் லென்ஸ் கண்ணாடி மிகச் சின்னது, ஜூம் செய்தால் வெளியே நீளவும் செய்யாது. பெரிய கேமராக்கள் திணறிய இடத்தில் அது ஜெயித்ததற்கு அதுதான் காரணம். கீழே வருகிற பாதிப் பதில்களும் இதிலேயே வந்து நிற்கும், அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுக்கு நேரா ஒரு 600 எம்எம் லென்ஸே வாங்கிடலாமே சார்?

பறக்கிற பறவையைப் பிடிக்க வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்றால் அதையே வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஸ்கோப்பில் பறக்கிறதை எடுப்பது நடக்காத காரியம். ஆட்டோபோகஸ் துரத்தாது, நீங்கள் திருப்புவதற்குள் மீன்கொத்தி அடுத்த கண்மாய்க்குப் போயிருக்கும்.

ஆனால் ஸ்கோப் முதலில் பார்ப்பதற்கான பொருள், படம் அதில் கிடைக்கிற உபரி. கண்மாய் நடுவில் கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் சங்குவளை நாரை, சேற்றில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும் அரிவாள்மூக்கன், தூங்கி வழிகிற கூழைக்கடா என்று அசையாதவை, மெதுவாக அசைபவை, கிட்டப் போகமுடியாத தூரத்தில் இருப்பவை எல்லாம் இதற்குத் தோது. ஏற்கெனவே ஸ்கோப் வைத்திருப்பவர் சின்ன லென்ஸ் ஒன்று சேர்த்தால் 1000 மி.மீ. கைக்கு வந்துவிடுகிறது.

ஸ்கோப் இருக்கு, கேமரா இருக்கு. சுத்தி வளைக்காம சொல்லுங்க, எந்த லென்ஸ்?

ஃபுல் ஃப்ரேம் கேமரா (படம் பதிகிற சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிது) என்றால் 50 மி.மீ. கேனான், நிகான், சோனியின் க்ராப் சென்சார் கேமரா (சென்சார் அதைவிடச் சின்னது) என்றால் 35 அல்லது 40. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (சென்சார் இன்னும் சின்னது) என்றால் 20 அல்லது 25. எதுவானாலும் ஜூம் இல்லாதது, சின்னது, முன்கண்ணாடி உள்ளே புதைந்து கிடக்காமல் வாசலிலேயே இருப்பது.

கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு 40 மி.மீ. எஃப்/2.8 பேன்கேக் லென்ஸை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தடிமன் 23 மி.மீ.கூட இல்லை, எடை 130 கிராம், தோசைக்கல்லில் சுட்ட ஊத்தப்பம் மாதிரி தட்டையாக இருக்கும். நிகான் க்ராப் வைத்திருப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 நல்லது. இரண்டுக்குமே முன்னால் ஃபில்டர் திருகுகிற மரை 52 மி.மீ., அதனால் ஸ்கோப்போடு ஒட்டுகிற அடாப்டர் கிடைப்பது சுலபம்.

மொத்தம் எத்தனை எம்எம் கிடைக்கும்? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க.

ஸ்கோப்பின் மடங்கை லென்ஸின் மி.மீ.யால் பெருக்குங்கள். 20 மடங்கில் 50 மி.மீ. வைத்தால் 1000. க்ராப் கேமராவில் 35 மி.மீ. வைத்தால் 700, அதை சென்சாருக்கான 1.5ஆல் பெருக்கினால் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 1050. கேனான் க்ராப்பில் 40 மி.மீ. என்றால் 800, அதை 1.6ஆல் பெருக்க 1280.

அடுத்தது எஃப் கணக்கு (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்), இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெருக்கி வந்த நீளத்தை (சென்சார் பெருக்கலுக்கு முன்னால் உள்ளதை) ஸ்கோப்பின் முன்கண்ணாடி அளவால் வகுக்க வேண்டும். 1000ஐ 80ஆல் வகுத்தால் 12.5. அதாவது உங்கள் கேமரா எஃப்/1.8 என்று காட்டினாலும் நீங்கள் எடுப்பது எஃப்/12.5 படம்.

என்கிட்ட 70-300 இருக்கு. அத வெச்சா இன்னும் கிட்டத்துல வருமில்ல?

நானும் இப்படித்தான் யோசித்தேன். சும்மா யோசித்ததோடு நிற்காமல், இதற்காகவே செகண்ட் ஹேண்டில் ஒரு 70-300 வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வண்டியூர் கண்மாய்க்குப் போய் மாட்டிப் பார்த்தால், கறுப்புத் திரை நடுவில் பைசா அளவு வெளிச்சம், அதற்குள் தாழைக்கோழியின் பாதி உடம்பு. விற்றவரிடம் கேட்டதற்கு "லென்ஸ்ல ஒண்ணும் குத்தமில்ல தம்பி" என்றார். அது உண்மைதான்.

காரணத்தை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஸ்கோப்பை வானத்தைப் பார்த்து நிறுத்தி, ஐபீஸிலிருந்து ஓரடி தள்ளி நின்று பாருங்கள். ஐபீஸுக்குச் சற்று வெளியே காற்றில் மிதக்கிற மாதிரி ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். ஸ்கோப்பின் வெளிச்சம் முழுக்க அந்தப் பொட்டு வழியாகத்தான் வருகிறது. 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு என்றால் பொட்டின் அகலம் 4 மி.மீ. நாம் கண் வைக்கும்போது கண்மணி அந்தப் பொட்டின் மேல் உட்கார்கிறது. அதே மாதிரி கேமரா லென்ஸை முன்பக்கமிருந்து எட்டிப் பார்த்தால் உள்ளே துளை ஒன்று தெரியுமே, அந்தத் துளை பொட்டின் மேல் வந்து உட்கார வேண்டும். பேன்கேக் லென்ஸில் துளை வாசலிலேயே இருக்கிறது. 70-300 போன்றதில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி எங்கோ ஆழத்தில் இருக்கிறது, பொட்டோ ஐபீஸுக்கு வெளியே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது. இரண்டும் சந்திக்கவே முடியாது.

சந்தித்தாலும் பயனில்லை. 20 மடங்கில் 200 மி.மீ. என்றால் 4000 மி.மீ., எஃப்/50. மதுரை உச்சி வெயிலில்கூட அது இருட்டு.

அப்ப கேமராவோட வந்த 18-55?

காசு செலவழிக்கும் முன் சோதித்துப் பார்க்க அது போதும். 18 பக்கம் வேண்டாம், 35க்கு மேல் 55 வரை தள்ளிப் பாருங்கள், சில ஸ்கோப்களில் கறுப்பு இல்லாமல் நன்றாகவே வரும். தொல்லை என்னவென்றால் ஜூம் திருகும்போது துளை இடம் மாறிக்கொண்டே இருக்கும், பழைய மாடல்களில் போகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும், அடாப்டர் மாட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து சுழலும். நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

50 எம்எம்ல எஃப்/1.8 போதுமா, 1.4 வாங்குனா இன்னும் வெளிச்சம் வருமா?

வராது. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடாதீர்கள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் துளை கிட்டத்தட்ட 28 மி.மீ. அகலம். அதற்குள் வந்து நுழைவது மேலே சொன்ன 4 மி.மீ. பொட்டு. அண்டாவுக்குள் ஊசி நூல் மாதிரி ஒழுகுகிற குழாய்க்கு அண்டாவின் வாயை அகலப்படுத்தி என்ன ஆகப்போகிறது? எஃப்/1.4 லென்ஸ் கனமாகவும் இருக்கும், கண்ணாடியும் பெரிது, துளையும் பெரும்பாலும் இன்னும் ஆழத்தில் போய்விடும். இந்த வேலைக்கு எஃப்/2.8 பேன்கேக்தான் அதைவிட மேல்.

அப்பர்ச்சரைக் குறைச்சா ஷார்ப்பா வரும்பாங்களே, எஃப்/8 வெக்கலாமா?

முழுக்கத் திறந்தே வையுங்கள். 50 மி.மீ.யில் எஃப்/8 என்றால் துளை 6 மி.மீ. சொச்சம், பொட்டு 4 மி.மீ., ஆகவே சரியாக நடுவில் இருந்தால் படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் கேமரா ஒரு மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் இருட்டும். எஃப்/12.5ஐவிடவும் துளையைச் சுருக்கினால் வெளிச்சத்தையும் இழப்பீர்கள்.

கேமராவை அப்பர்ச்சர் முன்னுரிமை மோடில் வைத்து, லென்ஸை அகலத் திறந்துவிட்டு, ஷட்டரை அது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். உள்ளே வருகிற வெளிச்சத்தைத்தானே அளக்கிறது, திரையில் காட்டும் எஃப் எண் பொய்யாக இருந்தாலும் எக்ஸ்போஷர் சரியாகவே வரும். காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 800 முதல் 1600 வரை ஏற்றினால்தான் ஷட்டர் 1/300 விநாடி வேகத்துக்கு மேல் நிற்கும்.

படத்தைச் சுத்தி கறுப்பா வட்டம் விழுகுதே, லென்ஸ் தப்பா ஸ்கோப் தப்பா?

கறுப்பு இரண்டு வகை. கூர்மையான விளிம்போடு சரியான வட்டமாக விழுந்தால், லென்ஸ் பார்க்கும் கோணம் ஐபீஸ் காட்டும் கோணத்தைவிட அகலம் என்று அர்த்தம். ஜூம் ஐபீஸ்கள் பெரும்பாலும் 20 மடங்கில் 40 டிகிரி சொச்சமும், 60 மடங்கில் 60 டிகிரி பக்கமும் காட்டும். ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 47 டிகிரி பார்க்கும். அதனால் 20இல் மூலை லேசாகக் கறுக்கும், 25, 30க்குத் திருகினால் மறைந்துவிடும். கறுப்பு வட்டம் இருக்கும்போது லென்ஸை மாற்ற ஓடாதீர்கள், முதலில் ஐபீஸைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். ஜூம் இல்லாமல் 30 மடங்கிலேயே நிற்கிற வைட் ஆங்கிள் ஐபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே குறைவு.

இன்னொன்று, புகை மாதிரி மங்கலாக, அல்லது பிறை நிலா மாதிரி ஒரு பக்கமாக விழுகிற கறுப்பு. அது பொட்டும் துளையும் சந்திக்காததால் வருவது. பிறையாக வந்தால் கேமரா பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. சுற்றிலும் மங்கினால் தூரம் சரியில்லை: ஐபீஸின் ரப்பர் வாயைக் கீழே இறக்கி லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோங்கள். நிகானின் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி நல்ல லென்ஸ்தான், ஆனால் கண்ணாடி உள்ளே வெகுவாகப் புதைந்திருக்கும், பல ஐபீஸ்களில் எவ்வளவு ஒட்டினாலும் எட்டாது.

ரெண்டையும் எத வெச்சு ஒட்டுறது? கையில பிடிச்சே எடுக்கலாமா?

முதல் நாள் கையில் பிடித்து எடுங்கள், பொட்டு எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகும். இரண்டாவது நாள் கை வலிக்கும். ஸ்கோப் கம்பெனிகளே அடாப்டர் விற்கின்றன, விலையைக் கேட்டால் தலை சுற்றும், பெரும்பாலும் அவர்கள் ஐபீஸுக்கு மட்டும்தான் பொருந்தும். பொது அடாப்டர்களில் ஒரு பக்கம் ஐபீஸைக் கவ்விக்கொள்ளும், மறுபக்கம் ஃபில்டர் மரையில் ஏறும்.

நம் ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? ஐபீஸின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்துகொண்டு போய் நைலான் கட்டையில் ஒரு வளையம் கடைந்து தரச் சொன்னேன். முதல் வளையம் இறுக்கமாகப் போய் ஐபீஸில் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அளந்தது நான்தான், பட்டறைக்காரர் மேல் பழி இல்லை. அரை மி.மீ. கூடுதலாக வைத்து உள்ளே மெல்லிய வெல்வெட் துணி ஒட்டியதும் சரியானது. அதற்கு முன்னால் பிவிசி ரெட்யூசரில் செய்தது ஒன்றும் இருந்தது, பார்க்க பிளம்பர் வேலை மாதிரி இருக்கும், படம் நன்றாகவே வந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று: சில லென்ஸ்கள் ஆட்டோபோகஸ் தேடும்போது முன்னால் நீளும். நீண்டு ஐபீஸ் கண்ணாடியில் இடித்தால் இரண்டுக்கும் கீறல். லென்ஸை முழுவதும் நீட்டிப் பார்த்த பிறகே இடைவெளியைத் தீர்மானியுங்கள்.

கேமராவே இல்ல, போன்தான். சிரிக்காம பதில் சொல்லுங்க.

ஏன் சிரிக்க வேண்டும்? போனின் லென்ஸ் துளை 3, 4 மி.மீ. அளவுதான், அதுவும் கண்ணாடியை ஒட்டியே இருக்கிறது. 70-300 பதிலில் சொன்ன பொட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அந்தக் கூல்பிக்ஸின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மி.மீ. வரைக்குச் சமம், 80 டிகிரி பக்கம் பார்க்கும், அதனால் மேலே சொன்ன கூர்மையான வட்டம் கட்டாயம் விழும். இரண்டு மடங்கு ஜூம் செய்தால் மறைந்துவிடும். கவரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், திரையில் பறவை மேல் விரலை அழுத்திப் பிடித்து போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள்.

என் போன்ல மூணு லென்ஸ் இருக்கு. 3எக்ஸ்ல வெச்சேன், திடீர்னு இருட்டாயிடுச்சு. ஏன்?

உங்கள் போன் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. 3எக்ஸ் என்று திரையில் தெரிந்தாலும், வெளிச்சம் போதாது என்றோ பொருள் மிகக் கிட்டத்தில் இருக்கிறது என்றோ நினைத்தால் அது சொல்லாமல் கொள்ளாமல் வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். அடாப்டர் பிடித்திருப்பதோ பழைய லென்ஸின் துளையை. புது லென்ஸ் ஐபீஸின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எந்த லென்ஸ் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, கேமராவைத் திறந்துவிட்டு ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடிப் பாருங்கள். புரோ மோடு இருந்தால் அதில் லென்ஸைப் பூட்டலாம், தானாக மேக்ரோவுக்குப் போகும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். என் யோசனை, முதன்மைக் கேமராவிலேயே 2எக்ஸ் வைத்து எடுப்பது. சென்சார் பெரிது, தாவலும் இல்லை.

கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியுது, படம் மட்டும் மங்கல். கேமரா ரிப்பேரா?

கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பில் பார்த்து போகஸ் செய்தால், உங்கள் கண்ணின் குறையையும் சேர்த்து ஸ்கோப் சரிசெய்து காட்டுகிறது. கேமராவுக்குக் கிட்டப்பார்வை கிடையாதே! கண்ணாடியோடு போகஸ் செய்யுங்கள். அதைவிட, கண்ணால் செய்த போகஸை மறந்துவிட்டு, லென்ஸை மேனுவலில் தொலைவுக்கு வைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் பார்ப்பது) பறவையின் கண்ணைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஸ்கோப்பின் போகஸ் வளையத்தால் மட்டும் சரிசெய்யுங்கள்.

போகஸ் சரியாக இருந்தும் மங்கினால் அது ஆட்டம். டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி தூக்கி அடிக்கிற அதிர்வே 1000 மி.மீ.க்கு அதிகம். லைவ் வியூ, 2 விநாடி டைமர், ட்ரைபாட் நடுத்தண்டை ஏற்றாமல் வைப்பது, இவ்வளவு போதும். பின்னால் கேமரா தொங்குவதால் ஸ்கோப் சாயும், அதற்கு நீளமான பிளேட் ஒன்று போட்டு எடையைச் சமன் செய்யுங்கள்.

எல்லாம் செஞ்சாச்சு. ஆனாலும் சித்திரை மாசம் போனா பறவை தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியுது.

அது கானல். எந்த லென்ஸும் தீர்க்காது, தீர்க்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். வெயில் ஏறினதும் வறண்ட கண்மாய்த் தரையிலிருந்து சூடான காற்று எழும்பும், 200 மீட்டர் தள்ளி இருக்கும் நெடுங்கால் உள்ளானின் கால் நூடுல்ஸ் மாதிரி வளையும். கோடையில் எட்டு மணிக்கே கடையைக் கட்டிவிடலாம். தண்ணீர் நிறைந்த கார்த்திகை, மார்கழியில் ஒன்பதரை வரைகூட ஓட்டலாம். கரையின் உயரமான இடத்திலிருந்து எடுத்தால் தரையோரக் காற்றைக் கொஞ்சம் தப்பிக்கலாம், கிட்டப் போனால் இன்னும் தப்பிக்கலாம்.

60 மடங்கு வரைக்கும் இருக்கே, அதுல எடுத்தா 3000 எம்எம் ஆச்சே?

ஆச்சு. பொட்டு 1.3 மி.மீ. ஆகச் சுருங்கும், எஃப்/37.5 ஆகும், 20 மடங்கில் கிடைத்ததைவிட ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். 1/450இல் எடுத்தது 1/50 ஆகிவிடும். அதோடு ஆட்டமும் கானலும் மூன்று மடங்கு. 20க்கும் 35க்கும் நடுவே எடுத்துவிட்டு வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள், 60இல் எடுத்ததைவிட அதில்தான் இறகு தெரியும்.

பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சல்லிசா கெடைச்சா வாங்கலாமா?

தாராளமாக. போகஸை எப்படியும் ஸ்கோப்பில்தான் செய்கிறோம், மேனுவல் லென்ஸே போதும், அது தானாக நீண்டு இடிக்காது என்பதும் வசதி. மிரர்லெஸ் கேமரா என்றால் மவுண்ட் வளையம் ஒன்று வேண்டியிருக்கும். டார்ச் அடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், எதிர்க்கட்டிட போர்டைப் பார்த்து லென்ஸை ஐபீஸில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

லென்ஸே இல்லாம கேமரா பாடிய நேரா ஸ்கோப்புல மாட்டலாமாமே?

சில ஸ்கோப்களில் ஐபீஸைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் கம்பெனியே செய்த போட்டோ அடாப்டர் மாட்டலாம், ஸ்கோப்பே ஒரு பெரிய மேனுவல் டெலிபோட்டோவாகிவிடும். கறுப்பு வட்டப் பிரச்சினை இல்லை. ஆனால் ஐபீஸ் கழலுகிற மாடலாக இருக்க வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் திரும்ப மாற்ற வேண்டும், கண்மாய்க்கரைத் தூசியில் அதைத் திறந்து திறந்து மூட எனக்கு மனம் வரவில்லை.

அரிட்டாபட்டி மலையில வல்லூறு கூடு இருக்குன்னாங்க. அதுக்கு எந்த லென்ஸ் வேணும்?

லென்ஸ் அதேதான், தூரம்தான் வேறு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு எல்லாம் அந்தப் பாறைகளில் உண்டு. கூடு என்று தெரிந்தால் கீழேயே, தூரத்திலேயே நில்லுங்கள், ஸ்கோப் வைத்திருப்பதே அதற்குத்தான். பறவை உங்களைப் பார்த்துக் கத்தினாலோ எழுந்து பறந்தாலோ நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பகிராதீர்கள்.

சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி, 1977இலிருந்து சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அங்கே போய் நாம் கைதட்டிப் பறவையை எழுப்பிப் படம் எடுத்தால் அடி விழுந்தாலும் நியாயம்தான்.

சார், என் மச்சான் போன்ல எடுத்தது என் ஃபுல் ஃப்ரேம் படத்தைவிட வெளிச்சமா இருக்கே? ஒரே ஸ்கோப்புதான!

இந்தக் கேள்விக்கு நானே ஒரு வாரம் தூங்கவில்லை. ஒரு படி பாலைச் சொம்பில் ஊற்றினால் நிறைந்து தெரியும், தாம்பாளத்தில் ஊற்றினால் தரை தெரியும், பால் ஒன்றுதான். ஸ்கோப்பின் 80 மி.மீ. கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் இரண்டுக்கும் பொது. போன் அதை விரல் நகமளவு சென்சாரில் குவிக்கிறது, அதனால் அதன் எஃப் எண் ஏறக்குறைய மாறுவதேயில்லை. ஃபுல் ஃப்ரேமில் அதே வெளிச்சம் 36க்கு 24 மி.மீ. பரப்பில் பரவுகிறது, அதனால்தான் எஃப்/12.5, அதனால்தான் ஐஎஸ்ஓ ஏற்றம். கடைசியில் இரைச்சல் (படத்தில் மணல்மணலாகத் தெரிகிற புள்ளிகள்) இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வரும், போன் நாலைந்து படங்களைச் சேர்த்து இரைச்சலைத் துடைத்தும் தருகிறது. கேமராவுக்குச் சாதகம் வேறு இடத்தில்: ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப்படம்), தடுமாறாத ஷட்டர், வெள்ளைக் கொக்கு வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வசதி. அசையாத முக்குளிப்பான் ஒன்றை நல்ல வெயிலில் எடுத்தால் மச்சான் ஜெயிப்பார், ஒப்புக்கொள்கிறேன்.

நிலாவ எடுக்கலாமா?

எடுக்கலாம். 1000 மி.மீ.யில் நிலாவின் உருவம் சென்சாரில் 9 மி.மீ. வரும், ஃபுல் ஃப்ரேம் உயரம் 24, ஆகவே 40 மடங்குக்குத் திருகினாலும் கொள்ளும். பௌர்ணமியைவிட அரை நிலாவில் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் ஸ்கோப்பைத் திருப்பவே திருப்பாதீர்கள், கண்ணும் போகும் சென்சாரும் போகும்.

கடைசியா ஒண்ணு. உங்ககிட்ட இப்ப என்னதான் இருக்கு?

80 மி.மீ. ஸ்கோப், பழைய கேனான் க்ராப் கேமரா, 40 மி.மீ. பேன்கேக், லேத்தில் கடைந்த இரண்டாவது நைலான் வளையம். முதல் வளையத்தை வீட்டில் கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 70-300 பீரோவில் இருக்கிறது, சொந்தக்காரர் கல்யாணம் வந்தால் வெளியே எடுப்பேன், மேடையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க அதைவிட நல்ல லென்ஸ் என்னிடம் இல்லை.